கலோத்சவ மேடையும் ஊர் ஆசான்களும்

கேரளத்தில் 1957 முதல் நடைபெற்றுவரும் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவம், 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் கூடியபோதுதான் பழங்குடி ஆட்டங்கள் ஐந்தினைப் போட்டிப் பிரிவுகளாக ஏற்றது. மங்கலம்களி, பணியர் ஆட்டம், இருளர் ஆட்டம், பளியர் ஆட்டம், மலைப்புலையர் ஆட்டம் ஆகிய இவற்றுள் இருளர் ஆட்டம் பாலக்காட்டின் அட்டப்பாடிக்கும், இறுதி இரண்டும் குமுளி, மறையூர், காந்தளூர் சூழ்ந்த இடுக்கி மலைகளுக்கும் உரியவை. தமிழக எல்லையை ஒட்டித் தமிழோடு நெருங்கிய பேச்சு வழங்கும் இம்மக்களின் கலைகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மேடைக்கு வெளியே நின்றன என்பதை எண்ணினால், இம்முடிவின் பெருமையும் தாமதமும் ஒருங்கே விளங்கும்.

கலோத்சவம் பொழுதுபோக்கு விழா மட்டுமன்று. அங்கு உயர்தரம் பெறும் மாணவருக்குப் பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க் எனப்படும் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பதால், அது மேற்படிப்புக்கான ஏணியாகவும் இருக்கிறது. ஆகவே, ஓர் ஆட்டத்தை மேடையேற்றுவதும் அந்த ஆட்டத்துக்குரிய பிள்ளையை மேடையேற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை விழாவை நடத்துவோர் தெளிவாக உணர வேண்டும்.

இருளர் ஆட்டம் திருமணம், சாவு, அறுவடை போன்ற நிகழ்வுகளில், தவில், பொறெ என்னும் கொட்டு, கொகல் என்னும் குழல், ஜால்ரா ஆகியவற்றின் இசைக்கு வட்டமாக நின்று ஆடப்படுவது. முதியவரும் சிறுவரும் இடையில் வந்து சேரலாம், களைத்தவர் விலகலாம். ஆடுபவர், காண்பவர் என்ற பிரிவு அங்கு உறுதியானதன்று. போட்டி மேடையோ குறித்த நிமிடங்களையும் குறித்த ஆட்களையும் நடுவரை நோக்கிய அணிவகுப்பையும் கேட்கிறது. இந்த மாற்றம் தவிர்க்க இயலாதது என்று கொண்டாலும், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற வினா எஞ்சுகிறது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டபோது, முறையான சங்கீதப் பயிற்சி இல்லாதவர் என்ற ஆட்சேபம் இசையுலகின் உள்ளிருந்தே எழுந்தது. அதே அளவுகோல் கலோத்சவ நடுவரின் மதிப்பெண் தாளிலும் புகுந்துவிடும் அபாயம் கற்பனையானதன்று.

மற்றொரு வினா பொருளாதாரம் பற்றியது. எலப்புள்ளி போன்ற சமவெளி ஊரின் பள்ளி இருளர் ஆட்டம் பழக விரும்பினால், பயிற்சியாளர் அட்டப்பாடியிலிருந்து மண்ணார்க்காட்டு மலைப்பாதை இறங்கி வர வேண்டும். அப்பயணத்துக்கும் உழைப்புக்கும் உரிய ஊதியம் தரப்படுமானால் இளைஞர் சிலருக்கு அது மதிப்புள்ள வாழ்வாதாரம். எனினும் ஊதியம் தர வல்ல பள்ளியே பரிசும் பெறும் என்றாகிவிட்டால், அட்டப்பாடியில் 'ஊரு' என்றும் இடுக்கியில் 'குடி' என்றும் வழங்கும் குடியிருப்புகளின் பிள்ளைகள் தம் பாட்டனின் ஆட்டத்திலேயே தோற்பவர் ஆவர்.

இவ்விரண்டுக்கும் தீர்வு எட்டாததன்று. நடுவர் குழுவில் அந்தந்தச் சமூகத்தின் ஆசான்கள், அதாவது ஊரில் பாட்டும் கொட்டும் கற்பிக்கும் மூத்தோர், பெரும்பான்மையாக அமர வேண்டும். மலைப்பகுதிப் பள்ளிகளின் உடை, கருவி, பயணச் செலவை அரசே முன்பணமாக ஏற்க வேண்டும். விழா முடிந்தபின் ரசீது காட்டிப் பெறும் முறை கூலி வீட்டுப் பிள்ளைக்கு உதவாது. பயிற்சி ஊதியம் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக, போட்டி மாதங்களுக்கு மட்டுமின்றி ஆண்டு முழுவதற்கும் வழங்கப்பட்டால், அதே ஆசான் தம் ஊருப் பள்ளியிலும் மாலைதோறும் கற்பிக்க இயலும்.