காசநோயும் ஸ்தல ஸ்தாபனங்களும்

வருஷா வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதியை உலகக் காசநோய் தினமென்று கொண்டாடி வருகிறார்கள். 1882-ம் வருஷம் அதே தேதியில் பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்னும் வைத்திய நிபுணர், இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். அதன் ஞாபகமே அத்தினமாகும். இப்போது நமது தேசத்தில் அத்தினத்துக்கு வேறொரு விசேஷமும் சேர்ந்திருக்கின்றது. 2023-ம் வருஷம் காசியில் தொடங்கி வைக்கப்பட்ட “காசநோய் இல்லாப் பஞ்சாயத்து” என்னும் திட்டத்தின்படி, தேறிய பஞ்சாயத்துகளுக்கு ஜில்லா கலெக்டர் கையால் ஒரு சர்டிபிகேட்டும் ஒரு காந்தியார் சிலையும் கொடுக்கிறார்கள். முதல் வருஷத்துக்கு வெண்கல நிறம். தொடர்ந்து தேறினால் இரண்டாம் வருஷத்துக்கு வெள்ளி நிறம். மூன்றாம் வருஷத்துக்குத் தங்க நிறம்.

சிலை கொடுப்பதைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. ஸ்தல ஸ்தாபனங்கள் சாக்கடைக்கும் தெரு விளக்குக்கும் மாத்திரமல்ல, ஜனங்களின் உயிருக்கும் பொறுப்பாளிகள் என்பதை இத்திட்டம் ஒப்புக்கொள்ளுகின்றது. அந்த வரைக்கும் அதை வரவேற்கிறோம். ஆனால் எதைப் பார்த்து மார்க்குப் போடுகிறார்கள், அந்த மார்க்கினால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பது நம் கடமையாகும்.

அதற்கு வைத்திருக்கும் நிபந்தனைகள் ஆறு. வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 30 பேருக்குக் குறையாமல் சந்தேகத்தின் பேரில் பரிசோதித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேற்படக் கூடாது. முன் வருஷத்து நோயாளிகளில் 100-க்கு 85 பேராவது மருந்தை முடித்துத் தேறியிருக்க வேண்டும். 100-க்கு 60 பேருக்காவது எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற சோதனை நடந்திருக்க வேண்டும். நோயாளிகள் எல்லோருக்கும் சர்க்கார் தரும் போஷாக்குப் பணத்தில் ஒரு தவணையாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் உணவு உதவியும் கிடைத்திருக்க வேண்டும்.

இவற்றில் ஐந்து நிபந்தனைகள் “என்ன வேலை செய்தாய்?” என்று கேட்கின்றன. இரண்டாவது நிபந்தனை ஒன்று மாத்திரம் “எத்தனை நோயாளிகளைக் காட்டினாய்?” என்று கேட்கின்றது. கோளாறு இங்கேதான் புகுகின்றது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி, 2024-ம் வருஷத்தில் நம் தேசத்தில் லட்சம் பேருக்கு 187 பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டிருக்கின்றது. அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பேர். தேசத்தின் சராசரியே அப்படியிருக்க, ஒரு பஞ்சாயத்து “எங்களூரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை” என்று கணக்குக் காட்டினால், அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, உண்மையாகவே அங்கு நோய் குறைந்திருக்க வேண்டும். அல்லது அங்கு ஒருவரும் சரியாகத் தேடாமல் இருந்திருக்க வேண்டும். கணக்குப் புஸ்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரியாகத்தான் தெரியும்.

ஆயிரத்துக்கு 30 பேரைச் சோதிக்க வேண்டுமென்ற நிபந்தனை இதைத் தடுத்துவிடாதா என்று கேட்கலாம். கொஞ்சம் தடுக்கும், முழுதும் தடுக்காது. 4,000 பேர் உள்ள ஊரில் 120 பேரைச் சோதித்தால் அந்நிபந்தனை தீர்ந்து போகும். அந்த 120 பேர் யார் என்பதல்லவா கேள்வி? சாவடியில் முகாம் போட்டு, வந்து போகிறவர்களிடமெல்லாம் சளி வாங்கினாலும் 120 தான். கல்லுடைக்கும் இடத்திலும், விசைத்தறிக் கொட்டகையிலும், மில் விடுதியிலும் போய் இருமுகிறவர்களைத் தேடி எடுத்தாலும் 120 தான். முதலாவது செய்தால் நோயாளி அகப்படுவது அரிது. சிலை கிடைப்பது சுலபம். இரண்டாவது செய்தால் நோயாளிகள் அகப்படுவார்கள். சிலை கிடைப்பது அரிது. ஒழுங்காக வேலை செய்தவனுக்குத் தண்டனையும், சும்மா இருந்தவனுக்குப் பரிசும் கிடைக்க இடம் வைத்த பரீட்சை எப்படி நல்ல பரீட்சையாகும்?

2019 முதல் 2021 வரை சர்க்காரே தேசமெங்கும் நடத்திய காசநோய்க் கணக்கெடுப்பு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றது. நோய்க்குறி இருந்தவர்களில் 100-க்கு 64 பேர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 42 பேருக்கு மேல், எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தப்பிப் போயிருப்பார்கள். ஆகவே, ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு “வந்தவர்களைப் பார்த்தோம்” என்பது காசநோயை அடக்குகிற காரியமாகாது.

நிற்க, நமது கொங்கு நாட்டின் நிலைமையைப் பார்ப்போம். 1888-ல் கோயமுத்தூரில் முதல் நூற்பாலை ஏற்பட்டது முதல், பஞ்சும் நூலும் துணியுமே இப்பகுதியின் பிழைப்பாயிருந்து வருகின்றன. பஞ்சுத் தூசியில் நிற்கிறவனுக்கு இருமல் வருவது சகஜம். அதனாலேயே காசநோயாளி “இது மில் இருமல்தானே” என்று மாதக் கணக்கில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறான். கல் குவாரித் தூசி நுரையீரலில் படிந்தவனுக்கோ காசநோய் பிடிக்கும் அபாயமே அதிகம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நம்பி பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள், ஜன்னலில்லாத அறைகளில் பலர் சேர்ந்து படுத்து எழுகிறார்கள். இப்படிப்பட்டவன் எந்தப் பஞ்சாயத்துக் கணக்கில் சேர்ந்தவன்? உடம்பு முடியாமல் ஊருக்கு ரயிலேறிவிட்டால் அவன் மருந்தை முடித்தானா, வழியில் விட்டானா என்று இங்கே கேட்பவர் யார்?

நமது ஜனங்களின் அறியாமையும் இந்நோய்க்கு ஒத்தாசை செய்கின்றது. காசநோய் பூர்வ கர்மமுமல்ல, செய்வினையுமல்ல, பரம்பரைச் சாபமுமல்ல. நோயாளி இருமும்போது காற்றில் பறக்கும் கிருமியை மற்றவர் சுவாசிப்பதால் அது பரவுகின்றது. கிருமி உள்ளே போன 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். அரைப் பட்டினியும், நீரிழிவும், புகையும், குடியும் அந்த அபாயத்தை அதிகமாக்குகின்றன. இப்படியிருக்க, நமது வீடுகளில் செய்வதென்ன? நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறார்கள், ஜன்னலைத் திறப்பதில்லை. நோய் தட்டில் வருவதில்லை, மூடிய அறையின் காற்றில்தான் வருகின்றது. தட்டைப் பிரிப்பது தீண்டாமை. ஜன்னலைத் திறப்பது வைத்தியம். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே நோய் பரவும் சக்தி பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. அது தெரியாமல், நோய் கண்ட மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதும், அதற்குப் பயந்து பெண்கள் இருமலையே மறைத்து வைப்பதும் எவ்வளவு பெரிய கொடுமை!

முன் காலத்தில் இந்நோய் கண்டவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்புவது வழக்கம். அப்படி ஏற்பட்டவற்றில் நமது பெருந்துறைச் சானடோரியமும் ஒன்று. அவ்விடத்தில் பிறகு வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுகிறவனும் சானடோரியத்தில் படுத்திருப்பவனைப் போலவே குணமாகிறான், அதனால் வீட்டாருக்கு அதிக அபாயமும் இல்லை என்று பரீட்சை செய்து காட்டிற்று. 1959-ல் அந்த முடிவு வெளியானதும் உலகமே தன் முறையை மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் நடந்த இக்காரியத்துக்காக நாம் பெருமைப்படலாம்.

ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் யோசிக்க வேண்டும். நோயாளி சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வந்தானென்றால், பொறுப்பும் கூடவே தெருவுக்கு வந்துவிட்டது என்பதுதான் அர்த்தம். அவன் வீட்டில் காற்று வருகின்றதா, அவன் சாப்பிடுகிறானா, வேலை போய்விட்டதா, 6 மாதமும் மருந்தை விடாமலிருக்கிறானா என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கக் கூடியது ஸ்தல ஸ்தாபனமே அல்லாமல் டில்லி அல்ல.

இது புதிதாக நாம் சுமத்துகிற பாரமுமல்ல. 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டமே ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சுகாதாரக் கடமைகளை விதித்தது. 1992-ம் வருஷத்து 73-வது அரசியல் சட்டத் திருத்தமும் பஞ்சாயத்துகளுக்கு ஒப்புவிக்கத் தக்க காரியங்களில் சுகாதாரத்தையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்திருக்கின்றது. நடைமுறையிலோ, மருந்து டில்லியிலிருந்து வருகின்றது. ஊழியர்கள் மாகாண சர்க்காரின் சுகாதார இலாகாவுக்குட்பட்டவர்கள். பஞ்சாயத்துக்கு மிஞ்சுவது சிலை வாங்குகிற வேலை மாத்திரமே. மருந்து வராவிட்டால் பஞ்சாயத்தைக் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. வந்த மருந்து நோயாளியிடம் போகாவிட்டால் டில்லியைக் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. யார் கையில் எது இருக்கின்றதோ அதற்கு அவரவருக்கு மார்க்குப் போட வேண்டும்.

அந்தப் பஞ்சாயத்தாவது ஒழுங்காக இருந்து வந்ததா? 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை கிராமங்களுக்குத் தேர்தலில்லை. கோயமுத்தூர் மாநகராட்சிக்கோ 2022 பிப்ரவரி வரை தேர்தலில்லை. கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்து போன காலமெல்லாம் அந்நகரத்துக்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த மேயர் இல்லை. கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் மறுபடியும் 2025 சனவரி 5-ல் முடிந்து, தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். ஓட்டுக்குப் பயப்படாத அதிகாரியிடம் ஊரார் எந்தக் கணக்கைக் கேட்பது?

நல்ல பரீட்சை எப்படியிருக்கும் என்பதற்கு நமது மாகாணத்திலேயே உதாரணமிருக்கின்றது. 2022-ம் வருஷம் தொடங்கப்பட்ட “காசநோய் இறப்பில்லாத் திட்டம்” நோயாளிகள் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிற்கவில்லை. யார் சாகப் போகிறவர் என்று கேட்டது. நோய் கண்ட உடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் பிராணவாயு, தாங்காமல் நிற்க முடிகின்றதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். ஆபத்திலிருப்பவரைத் தாமதமில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. தராசும் கடிகாரமும் கவலையுள்ள ஒரு நர்ஸும் இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். சாவை எண்ணத் தொடங்கியவர்களுக்குத்தான் சாவைத் தடுக்கும் வழியும் தெரியும்.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டில் நடத்தி 2023-ல் வெளியிட்ட பரீட்சையில், நோயாளிக்கு மாத்திரமல்லாமல் அவன் வீட்டாருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்பது 100-க்கு 39 பங்கு குறைந்தது. நம் சர்க்கார் நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகின்றது. நல்லதுதான். ஆனால் பஞ்சாயத்துப் பரீட்சைக்கு ஒரு தவணை போய்ச் சேர்ந்தாலே போதுமாம்! ஆறு மாத வைத்தியத்தில் ஒரு மாதம் சாப்பிட்டால் போதுமென்று எந்த வைத்தியர் சொன்னார்? தொழிலாளர் இன்ஷூரன்ஸில் உரிய காலம் சந்தா கட்டியவனுக்குக் காசநோய் வந்தால் நீண்ட காலத்துக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி கிடைக்கச் சட்டத்தில் இடமிருக்கின்றது. ஆனால் காண்டிராக்டர் தன் பெயரையே பதியாத கூலியாளுக்கு அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

ஆகவே, சிலை கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். நமது தோழர்கள் தங்கள் ஊர்க் கிராம சபையிலும் நகரசபை வட்டாரத்திலும் ஐந்தே கேள்விகளைக் கேட்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

முதலாவது: யாரை, எந்தத் தெருவில், எந்தத் தொழிற்சாலையில் தேடினீர்கள்? எக்ஸ்ரே வண்டி அங்கெல்லாம் வந்ததா?

இரண்டாவது: இருமல் தொடங்கி மருந்து தொடங்க எத்தனை நாளாயிற்று?

மூன்றாவது: போன வருஷம் மருந்து தொடங்கியவர்களில், வெளியூர் போய்விட்ட கூலியாட்கள் உட்பட, முடித்தவர்கள் எத்தனை பேர்?

நான்காவது: பணமும் உணவும் ஒவ்வொரு மாதமும் போய்ச் சேர்ந்தனவா? வீட்டிலுள்ள குழந்தைகளைச் சோதித்துத் தடுப்பு மருந்து கொடுத்தீர்களா?

ஐந்தாவது: செத்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு சாவிலும் தாமதம் எங்கே நேர்ந்தது? பெயர் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னால் போதும்.

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லுகிற பஞ்சாயத்தில், ஆயிரத்துக்கு ஐந்து நோயாளிகள் அகப்பட்டிருந்தாலும் அதுவே சிறந்த பஞ்சாயத்தாகும். பதில் சொல்லத் தெரியாத பஞ்சாயத்தில் ஒரு நோயாளிகூட இல்லாவிட்டாலும் அது சந்தேகத்துக்குரியதேயாகும்.

2025-க்குள் காசநோயை ஒழித்துவிடுவதாக 2018-ல் டில்லியில் பிரகடனம் செய்தார்கள். 2015-ல் லட்சத்துக்கு 237 ஆயிருந்தது 2024-ல் 187 ஆகக் குறைந்திருக்கின்றது. இது முன்னேற்றந்தான், ஆனால் ஒழிப்பல்ல. பிரகடனத்தால் கிருமி சாகாது, சிலையாலும் சாகாது. தேடுவதாலும், மருந்தாலும், சோற்றாலும், காற்றோட்டத்தாலுமே சாகும். நமது கிராம சபைகள் வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டுமென்று விதியிருக்கின்றது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தோழராவது எழுந்து நின்று இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.