சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து விளக்குகளை அணைக்கும் நேரத்தில், அன்பர் ஒருவர் என்னை வாசலில் நிறுத்தினார். கோடை விடுமுறையில் குழந்தைகளையும் வயதான தம் தாயாரையும் வாகமண்ணுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறார். படுக்கையும் அடுப்பும் குளிர்சாதனமும் அமைந்த ‘காரவான்’ வண்டி ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறதாம். “விடுதி அறை தேட வேண்டாம், ஓட்டல் சாப்பாடு வேண்டாம், வீட்டையே உடன் கொண்டு போவது போலத்தானே? நீங்கள் ஒரு முறை போய் வந்தவராயிற்றே, என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். வாசலில் நின்றபடி விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. எழுதிச் சொல்கிறேன் என்று கூறி வந்துவிட்டேன். அந்த விடையே இம்மாதப் பகுதி.

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது தமிழருக்குப் புதியதன்று. வணிகர் கூட்டமாகச் சேர்ந்து நெடுவழி செல்வதற்குச் ‘சாத்து’ என்று நம் முன்னோர் பெயரிட்டிருந்தனர். கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர்கள் மனைவி மக்களோடுதான் சென்றார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டி நம் கண்முன் வருகிறது. கோழி உறங்கும் கூடு அதில் இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலத்தைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுகிறாள். சிறுபாணாற்றுப்படையிலோ, உமணரோடு வந்த மந்தி ஒன்று அவர்தம் பிள்ளைகளுடன் கிலுகிலுப்பை ஆடுகிறது. புறநானூற்றில் ஔவையார், வழியில் மேடும் பள்ளமும் எப்படியிருக்குமோ என்று எண்ணி உமணர் தம் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கூடுதலாகக் கட்டிச் செல்வதைச் சொல்கிறார். கொங்கு நாட்டிலிருந்து மேலைக் கடற்கரைக்குப் போன பண்டை வணிகப் பாதை நம்முடைய பாலக்காட்டுக் கணவாய் வழியேதான் சென்றது. ஆகவே நாம் குடியிருக்கும் இவ்வூர் வண்டிக் குடித்தனத்தைக் கண்டு பழகிய ஊர்.

இக்காலத்துக் காரவானுக்குக் கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்ற திட்டத்தால் வழி திறந்தது. 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் மாநிலத்தின் முதல் காரவான் பூங்கா திறக்கப்பட்டது. இது பணமுள்ளவர்க்கு. அதற்கு முன்பே, 2020 நவம்பரில், மூணாற்றில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஓடித் தேய்ந்த பேருந்துகளில் படுக்கைகள் அமைத்து, ஓரிரவுக்கு ஒரு படுக்கை 100 ரூபாய் என்று வாடகைக்கு விடத் தொடங்கியது. அது நம் போன்றவர்க்கு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகையினரும் உண்டு. அறுவடை முடிந்த பாலக்காட்டு வயல்களில் வாத்துக் கூட்டத்தோடு வந்து கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பங்கள் அவை. அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் போய் வந்தது காரவான் அன்று. பொள்ளாச்சியில் இருக்கும் என் மைத்துனர் தம்முடைய பழைய வேனில் இருக்கைகளின் மேல் பலகை பரப்பி மெத்தை விரித்து, “மாப்பிள்ளை, நமக்கு இதுதான் காரவான்” என்று கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் அவர் மனைவியும், நானும் என் மனைவியும், என் தாயாரும், இரண்டு குழந்தைகளுமாக ஏழு பேர். உடுமலைப்பேட்டையைத் தாண்டிச் சின்னாற்றுக் காட்டுச் சாலையை இருட்டுவதற்குள் கடந்து, மறையூரில் வெல்லம் காய்ச்சும் மணத்தோடு முதல் இரவைக் கழித்தோம். குழந்தைகளின் ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

இரண்டாம் நாள்தான் குடித்தனம் தொடங்கிற்று. வீட்டில் மனத்தாங்கல் ஏற்பட்டால் ஒருவர் திண்ணைக்குப் போகலாம், ஒருவர் கொல்லைப்புறம் போகலாம். வேனுக்குத் திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. சொன்ன சொல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குடம் காலியானதற்கு யார் பொறுப்பு என்று தொடங்கிய பேச்சு, என் தாயாரும் என் மனைவியும் பத்து வருஷங்களாகப் பேசாமல் வைத்திருந்தவற்றில் எல்லாம் போய் முட்டியது. அன்று நான் வேறொன்றையும் கவனித்தேன். ஒரு வேளைச் சமையலுக்கு மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கி, பாத்திரம் எடுத்து, சமைத்து, கழுவி, மீண்டும் பலகை போட்டு மெத்தை விரிக்க வேண்டும். இத்தனையையும் என் மனைவிதான் செய்துகொண்டிருந்தாள். வீட்டிலும் அவ்வளவு வேலை இருக்கத்தான் இருக்கிறது. நடுவே ஒரு சுவர் இருப்பதால் என் கண்ணில் படுவதில்லை. அன்று மாலை முதல் தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் ஆண்கள் பொறுப்பாயின. அம்மா முதலில் முகம் சுளித்தார். பிறகு, “நல்லாத் தேய்டா, எண்ணெய் போகலை” என்று தம் மகனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அதோடு சண்டையும் ஓய்ந்தது.

மூன்றாம் நாள் இரவு மூணாற்றை அடுத்த ஓர் எஸ்டேட்டில், உறவினர் குடியிருக்கும் லயத்தின் முன்னே வண்டியை நிறுத்தினோம். அவர்கள் உள்ளே வந்து படுக்கச் சொன்னார்கள். குழந்தைகள் வண்டியை விட்டு இறங்க மறுத்தார்கள். டிசம்பர் மாதத்து மூணாற்றுக் குளிர் உங்களுக்குத் தெரியும். மாலையில் சோளக்கதிர் சுட்ட இரும்புச் சட்டியில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அம்மாவுக்குக் கை கால் நடுங்கிற்று. “சட்டியை உள்ளே வைத்தால் கதகதப்பாக இருக்கும்” என்றார் மைத்துனர். புகை இல்லையே என்று நானும் சம்மதித்தேன். சட்டியைக் கதவோரம் வைத்துக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுப் படுத்தோம்.

நள்ளிரவில் என் எட்டு வயது மகள் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று எழுந்தாள். கதவைத் திறந்தவள், படியிலேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். அந்தச் சத்தத்தில் நான் விழித்தேன். தலை பிளக்கும் வலி. எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. என் மனைவியை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. அம்மாவை எழுப்ப இன்னும் நேரம் ஆயிற்று. எல்லோரையும் வெளியே இழுத்துக் குளிரில் உட்கார வைத்தோம். லயத்தார் ஓடி வந்து, அம்மாவை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். பிராணவாயு கொடுத்தார்கள். விடியும்போது அம்மா கண் திறந்து, “ஏன்டா அழறே?” என்று கேட்டார். அந்த இரவில் குழந்தை எழுந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதன் காரணத்தை டாக்டர் விளக்கினார். மூடிய இடத்தில் கரியோ, விறகோ, எண்ணெயோ போதிய காற்றின்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். உடலுக்குப் பிராணவாயு கிட்டாமல் போகும். தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு தூக்கம். அத்தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடக்கூடும். புகை இல்லையே என்று நான் எண்ணினேன் அல்லவா? புகையாவது இருமச் செய்து எழுப்பியிருக்கும்.

எனக்கு வெட்கமாக இருப்பது இதுதான். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த காரவான் ஒன்றில் இருவர் இறந்து கிடந்த செய்தியை நான் பத்திரிகையில் படித்திருந்தேன். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வெளிவந்த இதே வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் ஆராய்ந்து கூறினார்கள். படித்தேன், ஐயோ பாவம் என்றேன், பக்கத்தைத் திருப்பினேன். அந்த ஜெனரேட்டரும் எங்கள் கரிச்சட்டியும் ஒன்றே என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே, கேட்ட அன்பருக்கு என் விடை: தாராளமாகப் போய் வாருங்கள். நீங்கள் போவது கோடையில், கரிச்சட்டி வேண்டியிராது. ஆனால் வெக்கைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்பீர்கள். வண்டி நிற்கும்போது அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வாடகைக்கு விடுபவரைக் கேளுங்கள். பூங்காவிலுள்ள மின் இணைப்பிலிருந்து எடுத்தால் நன்று. இஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு அடைத்த வண்டிக்குள் ஒருபோதும் உறங்காதீர்கள். இரண்டு பக்கத்துச் சன்னல்களும் விரற்கடை அளவாவது திறந்திருக்கட்டும். இவ்வாயுவைக் கண்டு மணியடிக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், தரையில் படுத்த குழந்தையைத்தான் முதலில் அடையும். ஆதலால் உருளையை இரவில் மூடிவிட்டுப் படுங்கள். வண்டி ஓடும்போது மெத்தையில் யாரும் படுத்திருக்கலாகாது. எல்லோரும் இருக்கையில் பட்டை கட்டி அமரட்டும். எங்களைப் போலச் சொந்த வண்டியைக் காரவானாக்க நினைப்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றக்கூடாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மழைக்காலமானால் எங்கே நிறுத்துகிறோம் என்பதும் உயிர்ப் பிரச்சினை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய நம்மவர் 70 பேர் மாண்டதை இச்சங்கத்தார் மறக்க மாட்டோம். அவர்களுக்கு வீட்டை நகர்த்த வழியில்லை. வண்டியில் போகிற நமக்கு வழியிருக்கிறது. சரிவின் கீழும் ஓடைக்கரையிலும் நிறுத்தாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இனி அந்த மூன்றாம் வகையினரைப் பற்றி. பிப்ரவரிக் கடைசியில் சித்தூருக்கு அப்பால் அறுவடையான வயலொன்றில் வாத்து மேய்க்கும் குடும்பத்தைக் கண்டேன். மாலை நேரம். அந்த அம்மாள் அடுப்பைக் கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி மூட்டியிருந்தார். காற்று பலமாக வீசியது. உள்ளே வைத்தால் வசதிதானே என்று கேட்டேன். “பிள்ளைங்க தூங்கற இடத்துல நெருப்பு ஆகாதுங்க. எங்க மாமியார் சொன்னது” என்றார். பள்ளிக்கூடம் போய்ப் பத்தாம் வகுப்புத் தேறி, அலுவலகத்தில் காகிதம் எழுதும் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அவருடைய மகன், பத்து வயதுப் பையன், பள்ளிக்குப் போகவில்லை. ஊரில் நான்காம் வகுப்பில் இருந்தானாம். இங்கே சேர்க்க மாற்றுச் சான்றிதழ் இல்லையே என்றார் தகப்பனார். சான்றிதழ் வரத் தாமதம் என்று காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்றும், வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்றும், ஆண்டின் நடுவே வந்தாலும் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு இடம் தரவேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. இதை அவரிடம் சொன்னேன். மறுநாள் பக்கத்துப் பள்ளிக்கு நானும் உடன் சென்றேன். அங்கே தமிழ் வகுப்பும் இருந்தது. பையன் சேர்ந்துவிட்டான். எத்தனை நாளைக்கு என்பது வாத்துகளுக்கு இரை கிடைப்பதைப் பொறுத்தது. அடுத்த ஊரிலும் இதையே கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் தெருவிலோ வயலோரத்திலோ இத்தகைய குடும்பம் வந்து தங்கினால், சங்க அன்பர்கள் இவ்வளவேனும் செய்யலாம். நாம் நாலு நாள் வண்டியில் வாழ்ந்து வீடு திரும்புகிறோம், அவர்கள் திரும்புவதில்லை. உமணர் வண்டியின் அடியில் சேம அச்சைக் கட்டியவர் அது தேவைப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் கட்டியிருப்பார். நாங்கள் அதைக் கட்ட மறந்து புறப்பட்டோம்; எட்டு வயதுக் குழந்தையால் பிழைத்தோம். நீங்கள் கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.