மூட்டில் ஊசி போடுவோரை யாழ்ப்பாணத்திலேயே பயிற்றுங்கள்

சண்டிலிப்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காகக் குந்தியிருந்து வெங்காயப் பாத்திக்குக் களை பிடுங்கிய பெண்களில் முழங்கால் நோ இல்லாதவர் அரிது. எண்ணெய் பூசுவார்கள், பத்துப் போடுவார்கள், நெரிவு முறிவு வைத்தியரிடம் போவார்கள், மருந்துக்கடையில் நோக்குளிசை வாங்கி விழுங்குவார்கள். எதற்கும் அடங்காதபோது ஒரு தனியார் கிளினிக்கில் போய் இருந்து, "ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோ டொக்டர், திருவிழா வருகுது" என்பார்கள். ஊசி போடப்படும். நோ குறையும். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வரும். மீண்டும் ஊசி.

அந்த ஊசியைப் போட்டவர் அதை எங்கே, யாரிடம் கற்றார் என்று நோயாளி கேட்பதில்லை. கேட்க வேண்டியது சுகாதாரத் துறை. வடமாகாணத்தில் மூட்டிலும் தசைநாணைச் சுற்றியும் ஊசி போடும் ஒவ்வொருவரும் முறையாகப் பயிற்றப்பட்டு, பரீட்சிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பயிற்சி யாழ்ப்பாணத்தில், தமிழில் பேசும் நோயாளிகளின் முன்னிலையில் நடக்க வேண்டும். இதுவே நமது நிலைப்பாடு.

மூட்டுக்குள் ஸ்டீரோயிட் செலுத்துவது புதிய வைத்தியம் அல்ல. 1951இல் பிலடெல்பியாவின் ஜோசப் ஹொலண்டர் மூட்டுக்குள் ஹைட்ரோகோர்ட்டிசோன் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டது முதல் உலகெங்கும் நடந்து வருவது. மடித்த விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வது, தோள்மூட்டு இறுகிக் கை தூக்க முடியாமற் போவது, மணிக்கட்டில் நரம்பு நெரிந்து இரவில் விரல் விறைப்பது, இவற்றுக்கெல்லாம் தகுந்த நேரத்தில் போட்ட ஓர் ஊசி பெரிய ஆறுதல். சிறுநீரகம் பழுதான முதியவருக்கு நோக்குளிசை ஆபத்து. அவருக்கு வீங்கிய முழங்காலில் ஒரு ஊசி, குளிசையை விடப் பாதுகாப்பான வழியாகக்கூட இருக்கலாம். ஆகவே ஊசியையே தடைசெய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் இதே ஊசியைப் பற்றி வேறு உண்மைகளும் வெளிவந்துள்ளன. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்வுள்ள 140 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் ஸ்டீரோயிட்டும், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் மூட்டுக்குள் செலுத்தினார்கள். முடிவில் நோவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டீரோயிட் பெற்றவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. முழங்கைப் பக்கத் தசைநாண் நோ பற்றி 2013இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு இதைவிடக் கடுமையானது. ஊசி பெற்றவர்களில் 54 வீதமானோருக்கு ஓராண்டுக்குள் நோ திரும்பியது. ஸ்டீரோயிட் இல்லாத போலி ஊசி பெற்றவர்களில் அது 12 வீதம் மட்டுமே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி என்று பழகிவிட்ட நமது ஊர்களுக்கு இது நேரடியான எச்சரிக்கை.

பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பதை ஒரேயொரு முழங்காலை வைத்தே காட்டலாம். கற்றவர் ஊசி போடுமுன் முழங்காற்சில்லின் ஓரத்தை விரலால் தடவி, ஊசி நுழையும் இடத்தைக் குறித்துக்கொள்வார். தோலைத் துடைத்த பின் அந்த இடத்தைத் தொடமாட்டார். ஊசி உள்ளே போனதும் மருந்தைத் தள்ளுவதில்லை. முதலில் பின்னிழுத்து மூட்டு நீரைப் பார்ப்பார். அது வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் மேலே போகலாம். கலங்கி, சீழ்போல வந்தால் அங்கேயே நிறுத்தி, அந்த நீரை ஆய்வுகூடத்துக்கும் நோயாளியை வைத்தியசாலைக்கும் அனுப்ப வேண்டும். கிருமி பிடித்த மூட்டுக்குள் ஸ்டீரோயிட்டைச் செலுத்தினால் அந்த மூட்டே அழிந்துபோகலாம். மருந்தைத் தள்ளும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிந்தாலும் நிறுத்த வேண்டும். ஊசிமுனை தசைநாணுக்குள் நிற்கக்கூடும். குதிகால் நாணுக்குள் போட்ட ஊசியால் நாணே அறுந்துபோவதுண்டு. பெருவிரலடியில் மேலோட்டமாகப் போட்டுவிட்டால் தோல் மெலிந்து வெளிறும். நமது கறுத்த தோலில் அது மாதக்கணக்கில் வெள்ளைத் தழும்பாகத் தெரியும்.

இதிலே ஊசியைக் குத்துவது கொஞ்சம். குத்தாமல் விடத் தெரிவதே அதிகம். பட்டப்படிப்பிலும் உள்ளகப் பயிற்சியிலும் மூத்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கும் வைத்தியர், பெரும்பாலும் குத்தும் பகுதியையே பார்க்கிறார். திருப்பி அனுப்பப்பட்ட நோயாளியை அவர் காண்பதில்லை.

நீரிழிவு பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டில் போட்ட ஊசியானாலும் ஸ்டீரோயிட் இரத்தத்தில் சேர்ந்து சில நாட்களுக்குச் சீனியின் அளவைக் கூட்டும். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு இதைத் தமிழில், அவருக்கு விளங்கும்படி, ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்னது விளங்கியதா என்று கேட்டும் பார்க்க வேண்டும். இதையும் பயிற்சியில் பரீட்சிக்க வேண்டும்.

இங்கேதான் மானிப்பாய் நினைவுக்கு வருகிறது. சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே இருக்கும் அந்த ஊரில், 1848 முதல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே நின்று வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவரது கணிப்பு. அறுவைச் சிகிச்சையும் உடற்கூற்றியலும் அவர் மேற்பார்வையில் தமிழ் நூல்களாயின. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டுப் போயிருக்கும் இந்த வேளையில், ஊரில் நிற்பவர்களை எப்படித் தயார்படுத்துவது என்ற அவருடைய கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இன்று நமக்கு மிஷன் தேவையில்லை. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இருக்கிறது, போதனா வைத்தியசாலை இருக்கிறது. முதலில் மாதிரி மூட்டுகளிலும் உடற்கூற்றியல் பிரிவின் உடலங்களிலும், பிறகு நிபுணரின் கண்முன் நோயாளிகளிலும் பயிற்சி கொடுக்கலாம். இறுதியில் பரீட்சையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வும் வேண்டும். பிரதேச வைத்தியசாலை வைத்தியர்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். நோயாளி முதலில் போவது அங்கேதான்.

இயன்மருத்துவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது நமது கருத்து. பிரித்தானியாவில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து உரிய பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்கள் மூட்டில் ஊசி போடுகிறார்கள். இங்கே வைத்தியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நோயறிதலும் மருந்தெழுதுவதும் வைத்தியரின் பொறுப்பு என்ற அவர்களது வாதத்தில் நியாயம் உண்டு. அதனால் முதற்கட்டத்தில் நிபுணர் நோயறிந்து எழுதிக் கொடுத்த ஊசியை, அதே கிளினிக்கில், அவர் மேற்பார்வையில் இயன்மருத்துவர்கள் போடட்டும். ஊசியால் நோ தணியும் சில வாரங்களுக்குள் தொடைத்தசையைப் பலப்படுத்தாவிட்டால் ஊசி வீண். அந்தப் பயிற்சியைக் கொடுப்பவரும் இயன்மருத்துவர்தானே.

செலவு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பாடநெறிக்குச் செலவு உண்டு, காலமும் எடுக்கும். ஆனால் ஒன்றைச் செய்யக் காசே தேவையில்லை. நோயாளிகள் கையில் கொண்டுதிரியும் கிளினிக் கொப்பியில் ஊசிக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த மூட்டு, என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் திகதி, யார் போட்டது என்று எழுதினால், இரண்டாவது கிளினிக்கில் மூன்றாவது ஊசி கேட்பவரை அந்தப் பக்கமே தடுக்கும். தனியார் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்தும் ஒரு சுற்றறிக்கை அதற்குப் போதும். மாகாண சுகாதாரத் திணைக்களம் அதை இந்த மாதமே வெளியிட வேண்டும்.