ஓடுபாதைக்கு முன் ஒரு பள்ளிக்கூடம்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே மலைச்சரிவில் ஒதுங்கி நிற்கும் சிறிய புகையிரத நிலையம் றொசல்ல. பனி விலகிய காலைப்பொழுதில் அதன் மேடையில் நிற்பவர் இரண்டு பாதைகளைக் காணலாம். ஒன்று காலடியில் கிடக்கும் இருப்புப்பாதை. மற்றொன்று, எப்போதாவது தலைக்கு மேலே மிக உயரத்தில் ஓர் ஆகாய விமானம் வரைந்து செல்லும் வெண்கோடு. முன்னதை அமைக்க மலையை வெட்டியவர்களுள் நம் முன்னோரும் உண்டு. பின்னதற்கும் நமக்கும் என்ன உறவு? மலையகத்து ஆசிரியரும் மாணவரும் இக்கேள்வியை ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

உறவே இல்லை என்று சொல்லிவிட இயலாது. துயரமானதோர் உறவு உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்கவில் இறங்கவிருந்த டச்சு நாட்டு விமானமொன்று ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் பிழைத்திலர். தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்த விமானிகள், நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, மலைகளுக்கு மேலேயே உயரத்தைக் குறைத்துவிட்டனர் என்பது விசாரணையில் கண்ட முடிவு. அவ்விமானத்தின் சக்கரமொன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. கணிப்பில் நேர்ந்த ஒரு பிழைக்கு உலகம் கொடுத்த விலையை நம் மலை தன் மார்பில் தாங்கி நிற்கிறது.

இன்னொரு உறவும் உண்டு. அது அன்றாடம் நிகழ்வது. ஆதலின் எவரும் அதனைத் துயரம் என்று எண்ணுவதுமில்லை. தோட்டத்துப் பெண்கள் பலர் விமான நிலையத்தின் உள்ளே முதன்முதலாகக் கால்வைப்பது, மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் புறப்படும் நாளிலேதான். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, லயத்துக் காம்பிராவைப் பூட்டிவிட்டுச் செல்லும் அவர்களுக்கு அக்கட்டடம் ஒரு வாசல் மட்டுமே. அதே கட்டடத்தில், அதே விமானத்தின் இறக்கையின் கீழ் நின்று, "இது பறக்கத் தகுந்தது" என்று கையொப்பமிடும் ஒருவராகத் தம் மகளோ மகனோ இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுவதற்கு நாம் இதுவரை வழி செய்ததில்லை.

இலங்கையை வான்போக்குவரத்தின் மையமாக்குவோம் என்ற பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. மையம் என்றவுடன் நம் கண்முன் வருவன நீண்ட ஓடுபாதையும் கண்ணாடி மாளிகையும். ஆனால், நம் நாட்டு அனுபவம் வேறொன்றைச் சொல்லுகிறது.

இரத்மலானையை எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அத்திடலில் முதன்முதல் வந்திறங்கிய விமானத்தைச் செலுத்தியவர், சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சி ஆசிரியர். அந்நிலையத்தின் வரலாறே ஓர் ஆசிரியரின் வருகையோடு தொடங்கியது என்பது எண்ணி மகிழத்தக்கது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன. இரத்மலானையின் ஓடுபாதை அவற்றுக்குப் போதவில்லை. 1960களின் பிற்பகுதியில் சர்வதேசப் போக்குவரத்து முழுவதும், யுத்த காலத்தில் பிரித்தானியர் அமைத்த கட்டுநாயக்கத் தளத்துக்கு மாறிற்று.

வாணிகம் போன பின் இரத்மலானை பாழடைந்துவிட்டதா? இல்லை. அது கற்பிக்கும் இடமாயிற்று. சிவில் விமானப் பயிற்சி நிலையம், பறப்புப் பயிற்சிப் பள்ளிகள், பழுதுபார்க்கும் பட்டறைகள், விமானப்படையின் அருங்காட்சியகம், அருகே வானூர்திப் பொறியியலைப் போதிக்கும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் எனக் கல்வி அங்கே வேரூன்றியது. கட்டுநாயக்கவிலும் ஸ்ரீலங்கன் நிறுவனம் தனக்கென ஒரு விமானவியற் கல்லூரியை நடத்துகின்றது. சிங்கப்பூரைப் பாருங்கள். இன்று உலகம் புகழும் சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்டது 1981ஆம் ஆண்டில். ஆனால் அந்நாட்டின் விமானப் பயிற்சிக் கழகம் 1958ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. முதலில் பள்ளி, பிறகே மாளிகை. இந்த வரிசையை அவர்கள் மாற்றவில்லை.

நாம் மாற்றிப் பார்த்தோம். 2013ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மத்தள விமான நிலையம் திறக்கப்பட்டது. சீனக் கடனின் துணையோடு ஏறத்தாழ 20 கோடி டொலர் செலவு. 3,500 மீற்றர் நீளமான ஓடுபாதை. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளை வரவேற்கத்தக்க மண்டபம். எல்லாம் இருந்தன, பயணிகள் இல்லை. 2015ஆம் ஆண்டில் ஸ்ரீலங்கன் விமானங்கள் அங்குச் செல்வதை நிறுத்தின. அதே ஆண்டில் அதன் சரக்கு மண்டபத்தில் நெல் மூடைகள் அடுக்கப்பட்டன. உலகின் வெறுமையான விமான நிலையம் என்று வெளிநாட்டு ஏடுகள் எள்ளி நகையாடின. அதன்பின் அவ்வப்போது சில விமானங்கள் வந்துபோனாலும், கட்டியவர்கள் கண்ட கனவு நனவாகவில்லை.

இத்தகைய நிலையத்தை வான்துறைத் தொழிற்பயிற்சிக்குரிய இடமாக்கலாமே என்பது நேர்மையான யோசனை. நாமும் அதனை ஆதரிக்கிறோம். ஓய்ந்து கிடக்கும் ஓடுபாதை மாணவ விமானிக்கு வரம். வெறுமையான மண்டபம் பட்டறைக்குப் பொருந்தும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பயணியைத் தேடிய பிழையை, பயிற்சி நிலையத்தைத் திறந்துவிட்டு மாணவனைத் தேடும் பிழையாக மீண்டும் செய்துவிடலாகாது. பயிற்சி நிலையத்தின் கதவு விமான நிலையத்தில் இருக்கலாம். அதன் முதற்படி பாடசாலையில் இருக்க வேண்டும். அப்படி அமைக்காவிடின், கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றவர்களுக்கே மேலும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். றொசல்லவில் இருப்பவன் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

விமானத் தொழில் என்றால் விமானம் ஓட்டுவது மட்டுமே என்று நம் மாணவர் கருதுகின்றனர். வானில் இருப்பவர் சிலர். அவர்களை வானில் நிறுத்தி வைப்பவர் தரையில் இருக்கும் பலர். பழுதுபார்ப்போர், மின்கருவி வல்லுநர், உலோகத் தகடு வேலை செய்வோர், போக்குவரத்தை நெறிப்படுத்துவோர், வானிலை கணிப்போர், சரக்கைச் சமன்செய்து ஏற்றுவோர் என அவர்தம் பட்டியல் நீளும். விமானத்தைச் செப்பனிடும் உரிமம் பெற விரும்புவோர் கணிதம், பௌதிகம், மின்னியல் ஆகியவற்றோடு, மனிதன் ஏன் பிழை செய்கிறான் என்பதையும் தனிப் பாடமாகப் பயில்கின்றனர். களைப்பு, அவசரம், அதிகாரிக்கு அஞ்சி உண்மையை மறைத்தல் ஆகியன அங்கே பாடப்பொருள்கள். தான் கண்ணால் காணாத வேலைக்குக் கையொப்பமிடலாகாது என்பது அத்தொழிலின் அறம். நம் சமூகத்துக்குள் இத்தகைய ஒழுக்கம் பரவுமாயின், விமானமே இல்லாவிடினும் அது பெரும்பேறன்றோ?

தோட்டத்துப் பிள்ளைக்கு இயந்திரம் புதிதுமன்று. நம் மக்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்று பாருங்கள். கொழுந்தின் ஈரத்தைக் கணித்துக் காற்றைச் செலுத்துவதும், அரைக்கும் உருளையின் அழுத்தத்தை ஏற்றியிறக்குவதும், உலர்த்தும் அடுப்பின் சூட்டைப் பிசகாமற் காப்பதும் அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேலைகள். உருளையின் ஓசை சற்றே மாறினால், எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடும் செவிகள் அங்குண்டு. அவ்வறிவுக்கு இதுவரை சான்றிதழ் கிடைத்ததில்லை; ஆதலின் அது அறிவு என்று எண்ணப்படவுமில்லை.

அப்படியாயின் தடை எங்கே? மலையகப் பாடசாலைகளிலே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பாடசாலைகளை, 1970களிலேதான் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அத்தாமதத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை. உயர்தர வகுப்பில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழிற் போதிக்கும் பாடசாலைகள் இங்கே சிலவே. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற மாணவன், பௌதிக ஆசிரியர் இல்லாத காரணத்தால் கலைப்பிரிவுக்குச் செல்கிறான்; அல்லது கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போய்விடுகிறான். அவனுக்கு மத்தளயும் கட்டுநாயக்கவும் ஒரே தொலைவு.

அடுத்த தடை மொழி. வான்துறையின் மொழி ஆங்கிலம். 1977ஆம் ஆண்டு தெனெரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டதற்கு, வானொலியில் பேசிய சொற்கள் தெளிவாக விளங்காமையும் ஒரு காரணம். சர்வதேச விமானங்களைச் செலுத்துவோரும் வழிநடத்துவோரும் குறித்ததொரு மொழித் தகுதியைப் பெறவேண்டும் என்ற உலக விதி 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இதைக் கேட்டு நம் மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. விமானச் செப்பனிடும் நூல்களுக்கென்றே, ஆங்கிலம் தாய்மொழியல்லாதோரை மனத்திற்கொண்டு, 1980களில் ஓர் எளிய ஆங்கிலம் வகுக்கப்பட்டது. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருதல். 'கட்டளைக்குப் பணிதல்' என்ற பொருளில் அச்சொல்லை ஆளக்கூடாது. ஒரு சொல்லில் ஒன்பது பொருளைக் கண்டு மகிழும் இலக்கிய அன்பர்களாகிய நமக்கு இது வறண்ட மொழியாகத் தோன்றலாம். ஆயின் ஐயத்துக்கு இடமின்றி எழுதுவதும் ஓர் அருங்கலையே. அளவான சொற்றொகுதியைக் கொண்ட அம்மொழியைத் தக்க ஆசிரியரின் துணையோடு நம் பிள்ளைகள் கற்றுத் தேறலாம்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, சாதாரண தரம் முடித்த மாணவர்க்கு ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஓராண்டு ஆயத்த வகுப்பு. கணிதமும் பௌதிகமும் தமிழில் விளக்கப்பட வேண்டும். தொழில் ஆங்கிலம் உடன் கற்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, அரசின் பொறுப்பிலுள்ள பயிற்சி நிலையங்களில் மலையகப் பிள்ளைகளுக்கு, பெண்களையும் உள்ளிட்டு, உதவிப்பணமும் விடுதியும். இக்கல்விக்கு ஆகும் செலவு தோட்டத்துச் சம்பளத்துக்குச் சிறிதும் எட்டாதது. கதவைத் திறந்துவிட்டுக் கட்டணத்தைக் காவல் வைப்பதில் பயனில்லை. மூன்றாவது, பறக்கும் காலம் முடிந்த பழைய விமானம் ஒன்று மலையகத்துக்கு வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். சென்னைக் குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில், பறப்பதை நிறுத்திய இரண்டு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. இராமேசுவரத்திலிருந்து அங்கே படிக்க வந்த ஓர் இளைஞரை அவை கவர்ந்தன. அவர் வானூர்திப் பொறியியலைத் தேர்ந்துகொண்டார். அவரே அப்துல் கலாம். நம் முன்னோர் மண்டபம் முகாமைக் கடந்து கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த அதே கடற்கரையின் பிள்ளை அவர். துருப்பிடித்த ஒரு விமானம் ஒரு மாணவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மறுப்புரைப்போர் இருவகையினர். "லயத்துக் கூரை ஒழுகுகையில் வானத்தைக் காட்டுவதா?" என்பர் ஒருசாரார். வீடும் காணியும் நியாயமான கூலியும் நம் உரிமைகள். அவற்றுக்கான குரல் ஓயக்கூடாது. ஆனால், அவை கிடைக்கும்வரை பிள்ளையின் படிப்பைக் காத்திருக்கச் சொன்னால், வீடு வந்து சேரும்போது பிள்ளைக்கு நாற்பது வயதாகிவிடும். "பயிற்சி பெற்றவர் வெளிநாடு போய்விடுவர்" என்பர் மற்றொருசாரார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விமானிகளும் பொறியியலாளரும் பலர் சென்றது உண்மையே. அவ்வெற்றிடத்தை நிரப்பவும் ஆட்கள் வேண்டுமன்றோ? மேலும், நம்மவர் இப்போதும் வெளிநாடு போய்க்கொண்டுதான் இருக்கின்றனர். கையில் ஒன்றுமின்றிப் போகின்றனர். உரிமத்தோடு போகிறவர் மரியாதையோடு போவார். திரும்பி வரவும் அவரால் இயலும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. விமானம் எவ்வாறு பறக்கின்றது, எவ்வாறு செப்பனிடப்படுகின்றது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளங்கும் நல்ல தமிழில் எழுதிய சிறு நூலொன்று இன்றே வேண்டும். கவிதைக்கும் சிறுகதைக்கும் கூடும் நம் இலக்கிய வட்டங்கள் ஓராண்டு இதற்கும் கூடட்டும். கலைச்சொல் தெரிந்தவர் சொல்லையும், பௌதிகம் தெரிந்தவர் விளக்கத்தையும், படம் வரைபவர் படத்தையும் தரட்டும். அந்நூல் றொசல்லப் பக்கத்துப் பிள்ளையொருவனின் கையில் கிடைத்து, அவன் தன் ஆசிரியரிடம் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்பானாயின், அன்றே நம் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.