சி.டி.எச். ரோடும் பிளாஸ்டிக் தாரும்

பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி போகும் சி.டி.எச். ரோட்டில் லாரி ஓடாத நேரம் ஏது? ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் தார் இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிற கதைதான்... அடியில் மயிரிழை விரிசல், அது மேலே வந்து மழைத்தண்ணீர் இறங்கியதும் பள்ளம்.

மருந்து நம்ம மதுரையிலேயே இருக்குங்க. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லிமேல் பழைய பிளாஸ்டிக் துகளைத் தூவி உருகவிட்டு, பிறகு தார் கலந்தார். 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் அப்படிப் போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. கனரக வண்டி ரோட்டுக்கு எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் மாதிரியான பாலிமரைத் தாரிலேயே கலக்கலாம்.

விலை கூடத்தான். தேய்மானம் படித்த பி.காம். பசங்களுக்கே தெரிந்த கணக்கு இது :-) டெண்டரில் யார் குறைவு என்று மட்டும் பார்க்காமல், அந்தச் செலவை ரோடு தாங்கும் வருஷத்தால் வகுத்துப் பார்க்கவேண்டாமா?