பேச்சுக்கு ஆகும் செலவும் ரீசார்ஜுக்கு ஆகும் செலவும்



கடை வாடகை, மின் கட்டணம், ஆள் சம்பளம், வண்டிக் கூலி ஆகியவை நம் கணக்கில் தனித்தனித் தலைப்பில் ஏறிவிடுகின்றன. ஆனால் செல்போன் செலவு என்று பேரேட்டில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கல்லாவிலிருந்து இன்று ஒரு 299, அடுத்த வாரம் வீட்டு போனுக்கு ஒரு 299, பையன் வந்து கேட்டால் இன்னொரு 299 என்று கொடுத்துவிட்டு, டீச் செலவோடு சேர்த்து எழுதிவிடுகிறோம். கால் கிலோ கடுகில் ஐந்து கிராம் கூடப் போனால் தராசைத் திருப்பிப் பார்க்கிற நாம், இந்த இனத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம்.

சமீப காலமாக நமது உறுப்பினர்கள் பலர், "இன்டர்நெட் வழியாகவே பேசிக்கொள்ளலாமே, வாட்ஸ்அப்பில் பேசினால் காசு இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு ரீசார்ஜ்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாதி சரி, பாதி தவறு. எது சரி, எது தவறு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கணக்கு இன்று செல்லாது

நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்டி விலை கேட்க டிரங்கால் போட்டுக் காத்திருந்தோம். பிறகு எஸ்.டி.டி. பூத்தில், இரவில் கட்டணம் குறையும் நேரம் வரட்டும் என்று வரிசையில் நின்றோம். 1995-இல் நாட்டில் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. 2003-இல்தான் வரும் அழைப்பு இலவசமாயிற்று. அந்தக் காலத்தில் பேசும் நிமிடத்தைக் குறைத்தால் செலவு குறைந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு கதை மாறிவிட்டது. இன்று பெரும்பாலான திட்டங்களில் உள்நாட்டுப் பேச்சுக்கு அளவே கிடையாது. பத்து நிமிடம் பேசினாலும் பத்து மணி நேரம் பேசினாலும் கட்டிய பணம் ஒன்றுதான். ஆகவே விருதுநகர் மண்டிக்குச் சாதாரண அழைப்பில் பேசுவதை விட்டு வாட்ஸ்அப்பில் பேசினால் நமக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை. இதை முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் பேச்சில் இல்லை, ரீசார்ஜில்தான் இருக்கிறது. இன்டர்நெட் வழிப் பேச்சு, தேவையற்ற ரீசார்ஜைக் கைவிட நமக்குத் துணை செய்தால்தான் அது சிக்கனம். திட்டத்தை மாற்றாமல் பேசும் வழியை மட்டும் மாற்றுவது, ஓட்டைச் சாக்கை வலக் கையிலிருந்து இடக் கைக்கு மாற்றுவது போன்றதே.

நகரும் போன், நிற்கும் போன்

ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளியிடம் ஒரு போன், ஆர்டர் எடுக்கக் கல்லாவில் ஒரு போன், டெலிவரி பையனிடம் ஒன்று, குடோனில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஆக ஐந்து. ஐந்துக்கும் தினசரி டேட்டாவோடு கூடிய 28 நாள் திட்டம். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு சாதாரணமாகக் கேட்ட விலை 299 ரூபாய். 28 நாள் என்பது மாதம் அல்ல. ஆண்டுக்குப் பன்னிரண்டு ரீசார்ஜ் என்று நாம் நினைப்போம், நிஜத்தில் 13. ஒரு போனுக்கு ஆண்டுக்கு 3,887 ரூபாய். ஐந்துக்கும் 19,435 ரூபாய். சில்லறை வியாபாரத்தில் இந்தத் தொகையை லாபமாக எடுக்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும்.

இந்த ஐந்தில் தெருவில் நகர்கிற போன்கள் இரண்டே. முதலாளியுடையதும் டெலிவரி பையனுடையதும். மற்ற மூன்றும் நின்ற இடத்தில் நிற்பவை. பில் மெஷினுக்காகவும் கேமராவுக்காகவும் கடையில் பிராட்பேண்ட் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்காக இருக்கிறது. வைஃபை தலைக்கு மேல் இருக்கும்போது, அதே இடத்தில் நிற்கிற போனுக்குத் தினமும் ஒரு ஜி.பி. டேட்டா வாங்குவது, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கத் தெருவில் குடம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் அறிவித்தன. நாள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். டேட்டா திட்டத்திலோ நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல்.

நிற்கும் மூன்று போன்களையும் 1,849 ரூபாய் திட்டத்துக்கு மாற்றினால் 5,547. நகரும் இரண்டுக்கும் பழையபடி 7,774. மொத்தம் 13,321. ஆண்டுக்கு மிச்சம் 6,114 ரூபாய். வாட்ஸ்அப் ஆர்டர், சரக்கைக் காட்டும் வீடியோ, வெளிநாட்டுப் பேச்சு எல்லாம் வைஃபையில் வழக்கம் போல் நடக்கும். விலைகள் மாறக்கூடியவை. இந்தக் கணக்கை மாதிரியாக வைத்துக்கொண்டு, அவரவர் இன்றைய விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிராட்பேண்ட் இல்லாத கடை, இதற்காகவே புதிதாக ஒரு இணைப்பு வாங்கினால் என்ன ஆகும்? மாதம் 399 ரூபாயும் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,650 ரூபாய். மிஞ்சுவது 464 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். இருக்கிற இணைப்பை நன்றாக உபயோகிப்பதில்தான் அனுகூலமே தவிர, இல்லாததை வாங்குவதில் இல்லை.

குடோனுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்று வேறு கம்பெனி சிம் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் போன் செட்டிங்கில் 'வைஃபை காலிங்' என்பதை முடுக்கிப் பார்க்கட்டும். 2019 டிசம்பரில் ஏர்டெலும் 2020 ஜனவரியில் ஜியோவும் கொண்டுவந்த வசதி இது. நம் சாதாரண எண்ணிலேயே, சாதாரண அழைப்பே, டவருக்குப் பதிலாக பிராட்பேண்ட் வழியே போகும். எதிரில் இருப்பவருக்கு வைஃபையோ செயலியோ தேவையில்லை. தனிக் கட்டணமும் இல்லை. குடோன் வரை வைஃபை எட்டினால், அந்த இரண்டாவது சிம்முக்கான ரீசார்ஜ் முழுவதும் மிச்சம்.

வெளிநாட்டுப் பேச்சு

இன்டர்நெட் பேச்சு உண்மையிலேயே நிமிடத்துக்கு நிமிடம் காசை மிச்சப்படுத்துவது வெளிநாட்டு அழைப்பில்தான். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை வியாபாரிகளோடு தொடர்பு உள்ள மொத்த வியாபாரிகள் இன்னும் ஐ.எஸ்.டி. போட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் பேசினால் நிமிடத்துக்கு ஒரு எம்.பி. கூடச் செலவாகாது. வீடியோ என்றால் பல மடங்கு ஆகும். ஆகையால் விலை பேசக் குரல் போதும். சரக்கின் தரம் பார்க்க மட்டும் வீடியோ போடலாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் பேச்சு நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு வந்திருக்கிறது. துபாய்த் தொடர்பு உள்ளவர்கள் அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையே நாட வேண்டும்.

ஒரே செயலியை நம்பியும் இருக்கக் கூடாது. 2003-இல் வந்து உலகம் முழுவதும் பெயர் எடுத்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

எண்தான் நம் பெயர்ப் பலகை

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். "வைஃபை இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, ரீசார்ஜே வேண்டாம்" என்று சிலர் சிம்மைக் கிடப்பில் போடுகிறார்கள். இது கல்லாச் சாவியைக் கிணற்றில் போடுகிற காரியம். ரீசார்ஜ் இல்லாமல் நீண்ட நாள் கிடந்தால் கம்பெனி அந்த எண்ணைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பில் புத்தகத்திலும் பையிலும் அச்சடித்து, இருபது வருடமாக வாடிக்கையாளர் வாயில் பழகிய எண் அது. வங்கி ஓ.டி.பி., யு.பி.ஐ., ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. வாட்ஸ்அப் கணக்கே அந்த எண்ணின் பெயரில்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு, பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவும் பிறப்பித்தது. எனவே மலிவான திட்டத்துக்கு மாறலாம். எண்ணைச் சாகவிடக் கூடாது. டேட்டா வவுச்சர் மட்டும் போட்டால் எண்ணுக்கு ஆயுள் கூடும் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான வவுச்சர்கள் அடிப்படைத் திட்டம் இருந்தால்தான் பயன்படும்.

மின்சாரம் போனால் வைஃபையும் போகும். ரூட்டரை இன்வெர்ட்டரில் இணைத்து வைப்பது நல்லது. தீ விபத்தோ திருட்டோ நடந்தால் 112-ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. சாதாரண அழைப்புத்தான் கை கொடுக்கும். குடோனில் காவலுக்கு இருப்பவருக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

மோசடி விஷயத்திலும் விழிப்பு தேவை. வாட்ஸ்அப்பில் படமும் பெயரும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தெரிந்த ஏஜென்சி பெயரில் அழைத்து, "இந்தக் கணக்குக்கு அட்வான்ஸ் அனுப்புங்கள்" என்றால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, நம் நோட்டில் உள்ள பழைய எண்ணுக்குச் சாதாரண அழைப்பில் பேசிச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் புகார் செய்ய வேண்டும். பேசி முடித்த ஆர்டரை, சரக்கு, எடை, விலை, தேதி போட்டு உடனே ஒரு செய்தியாக அனுப்பிவிடுவதும் நல்ல பழக்கம். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை, எழுத்துக்கு உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

செலவைக் குறைப்பது நம் கையில் பாதிதான். மீதிப் பாதி அரசிடமும் கம்பெனிகளிடமும் இருக்கிறது. பேச்சுத் திட்டம் கொடு என்று டிராய் சொன்னது, கம்பெனிகள் கொடுத்தன. ஆனால் 2025 ஜனவரியில் ஜியோவும் ஏர்டெலும் அறிவித்தவை 84 நாள் திட்டமும் ஓராண்டை ஒட்டிய நீண்ட திட்டமும்தான். ஒரேயடியாக 1,849 ரூபாய் கட்ட முடியாத தள்ளுவண்டிக்காரருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் மாதத் தவணையில் அதே விகிதம் கிடைக்க வேண்டும். மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறைவு என்பது வியாபார நியாயம்தான். ஆனால் சில்லறையில் வாங்க வருகிறவரிடம் "இங்கே மூட்டையாகத்தான் விற்போம்" என்று நாம் சொல்வதில்லையே!

அடுத்து, 2014 டிசம்பரில் இன்டர்நெட் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டது. 2016 பிப்ரவரியில், எதைப் பார்க்கிறோம், எதில் பேசுகிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை போடக் கூடாது என்று டிராய் விதி செய்தது. அந்த விதி காப்பாற்றப்பட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் நாம் பாட்டுக் கேட்டால் ஒரு விலை, பருப்பு விலை பேசினால் ஒரு விலை என்பதை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. உறுப்பினர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, கடையிலும் வீட்டிலும் உள்ள சிம்கள் எத்தனை, ஒவ்வொன்றும் யாரிடம், நகர்வதா நிற்பதா, ரீசார்ஜ் எவ்வளவு, முடியும் தேதி எது என்று எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தாளை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், எல்லாக் கணக்கையும் சேர்த்து டிராய்க்கு மனு அனுப்பச் சங்கத்துக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் 299 ரூபாய். ஒரு கடைத்தெருவையே சேர்த்துப் பார்த்தால் அது லட்சங்களில் நிற்கும். அளந்து செலவழிப்போம், ஒன்றுபட்டுக் கேட்போம்.