கொறங்காட்டுக்கு எந்த கம்பெனி புல்வெட்டி நல்லதுங்க?

பக்கத்துக் காட்டை வாங்கினவர் போன ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். கோயமுத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, நல்ல மனுசன். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே கொஞ்சம் காரமாத்தான் எழுதப்போறேன். அவர் ஒருத்தரை மட்டும் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. காங்கயத்தைச் சுத்தி ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிற எல்லாரும் இதே கேள்வியைத்தான் என்கிட்ட கேக்கறாங்க.

பட்டியல்ல மேல அமெரிக்காக்காரன் வண்டிகள்: ஜான் டியர், கப் கேடட், ஹஸ்க்வர்னா, கிராஃப்ட்ஸ்மேன். கீழே நம்மூர்ல கிடைக்கிற மினி டிராக்டர்கள்: குபோட்டா நியோஸ்டார், மகிந்திரா ஜீவோ, ஸ்வராஜ், வி.எஸ்.டி. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல நட்சத்திரம். கடைசியில ஒரு வரி: "அண்ணா, இதுல எது பெஸ்ட்? ஸ்ட்ரெயிட்டா ஒண்ணு சொல்லுங்க."

அவருக்கு அன்னைக்கு நான் பதில் போடலை. இங்க போடறேன்.

முதல்ல அந்த அமெரிக்க வண்டிங்க கதை. அங்க வீட்டைச் சுத்தி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்தரை வச்சிருப்பாங்க. உக்காந்து ஓட்டற வண்டியில ரெண்டு வகை உண்டு. லான் டிராக்டர்ங்கறது புல்லு வெட்ட மட்டும், தகரத்தை வளைச்ச மாதிரி லேசான சட்டம். கார்டன் டிராக்டர்னா சட்டமும் பின்னச்சும் கனமா இருக்கும், சின்ன கலப்பை மாட்டி இழுக்கலாம். லான் டிராக்டர்ல கலப்பையைக் கட்டி இழுத்தா கியர்பெட்டி போயிரும். கம்பெனி பேரைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம். இவர் பட்டியல்ல அதுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஜான் டியர்லயே ஒரே பச்சை பெயிண்ட்ல லேசான வண்டியும் இருக்கு, கனமான வண்டியும் இருக்கு. பெயிண்டைப் பாத்து நட்சத்திரம் போட்டா என்னங்க தெரியும்?

சரி, பேருக்கே வருவோம். கப் கேடட் 1961ல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கொண்டு வந்தது. 1981ல அதை எம்.டி.டி.ங்கற ஓஹையோ கம்பெனி வாங்கிருச்சு. கிராஃப்ட்ஸ்மேன் சியர்ஸ் கடையோட பேரு, அதை 2017ல ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்குச்சு. 2021 கடைசியில அந்த எம்.டி.டி.யையும் அவங்களே முழுசா வாங்கிட்டாங்க. ஆக அந்தப் பட்டியல்ல எதிரெதிரா நிக்கற ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறு திங்கறவங்க. இஞ்சினைப் பாத்தா இன்னும் வேடிக்கை. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி, இந்த மூணுல ஒண்ணுதான் பல கலர் மூடிக்குக் கீழே உக்காந்திருக்கும். ஹஸ்க்வர்னா மட்டும் பழைய கை, 1689ல ஸ்வீடன்ல துப்பாக்கி செய்ய ஆரம்பிச்ச கம்பெனி.

நம்ம ஊர்லயும் கதை அதேதான். ஸ்வராஜை 2007லயே மகிந்திரா வாங்கியாச்சு. குபோட்டாவும் எஸ்கார்ட்ஸும் சேந்து இப்ப ஒரே கம்பெனி, பார்ம்டிராக் பவர்டிராக் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைங்க. மாசி பெர்குசன், ஐச்சர் ரெண்டும் நம்ம சென்னை டாஃபே. டீக்கடையில மகிந்திராவா ஸ்வராஜான்னு மேசையைத் தட்டிச் சண்டை போடறவங்களைப் பாத்தா எனக்குப் பங்காளிச் சண்டைக்கு நாயம் பேசப்போன வெளியூர்க்காரன் ஞாபகம்தான் வருது.

அதுக்காக எல்லா வண்டியும் ஒண்ணுன்னு சொல்லலை. 24 ஹெச்.பி. நியோஸ்டாரும் ஜீவோவும் நாலு சக்கரமும் இழுக்கும், வாழை, மஞ்சள், திராட்சைக்கு நடுவுல பூந்து வரும். ஸ்வராஜ் கோட் 11 ஹெச்.பி. பெட்ரோல் வண்டி, களையெடுக்கறவங்களுக்காக வந்தது, அதைப் போய் ரொட்டேவேட்டர் போட்டு காட்டை உழச் சொன்னா பாவம். தினமும் வேலை இருக்கிற விவசாயிக்கு இந்த வித்தியாசமெல்லாம் காசு. வாரம் ஒருநாள் வந்து போறவங்களுக்கு?

கணக்கு போடுவோம். அவர்கிட்ட இருக்கறது 2 ஏக்கர் 40 சென்ட். வருசத்துல நாலு உழவுன்னு வச்சாலும், ஒரு உழவுக்கு மூணு மணி நேரம், மொத்தம் 12 மணி நேரம். எங்க ஊர்ல வாடகை டிராக்டர் மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். வருசத்துக்குப் பதினஞ்சாயிரத்துக்குள்ள முடியுது. 6 லட்சம் போட்டு வண்டி வாங்கினா, 8 சதவீதம்னு வச்சாலும் வட்டியே 48,000. வருசத்துக்கு 12 மணி நேரம் ஓடற வண்டி மிச்ச நேரம் என்ன பண்ணும்? ஷெட்டுல நிக்கும். பேட்டரி இறங்கும். எலி ஒயரைக் கடிக்கும். மகாளிக்கிழங்கு ஊறுகாய் போடறதுக்குன்னே வருசம் ஒருக்கா எறக்கற ஜாடிக்குக்கூட இதைவிட அதிக வேலை.

எங்க ஊர்ல ஒரு பையன் கடன் வாங்கி 45 ஹெச்.பி. வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டறான். அஞ்சு வருசத்துக்கு முந்தி ஐப்பசியில அவனைப் பிடிக்கவே முடியாது, ராத்திரி லைட்டுப் போட்டு ஓட்டுவான். இப்ப நம்ம தடத்துல மட்டும் ஏழு பண்ணை வீட்டு ஷெட்டுல ஏழு மினி டிராக்டர் நிக்குது. ஏழும் சேந்து அவன் வண்டி ஒரு வாரம் ஓடற நேரம் ஓடியிருக்காது. அவன் தவணை கட்ட முடியாம வண்டியை விக்கலாமான்னு கேக்கறான். அவன் வித்துட்டா நானும் என்னைமாதிரி நாலு சம்சாரியும் உழவுக்கு எங்க போறதுங்க? வேளாண் பொறியியல் துறை வாடகை டிராக்டர் இருக்கு, உழவன் செயலியில பதியலாம், ஆனா மழை பேஞ்ச ஈரத்துக்கு எல்லாரும் ஒரே நாள்ல கேப்பாங்க. பக்கத்துல ஒரு வண்டி இருக்கற மாதிரி வராது.

இனி புல்வெட்டி. நானே பிரஷ் கட்டர் வச்சிருக்கேன், மிசினே வேண்டாம்னு வேதாந்தம் பேசலை. முதல்ல விலை கம்மின்னு இன்டர்நெட்ல ஒண்ணு வாங்கினேன். பேர் வேண்டாம். ரெண்டாம் மாசம் ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கற பாகம் உடைஞ்சது, அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்கு மூணு மாசம் அலைஞ்சேன். கடைசியில காங்கயத்துல ஒரு மெக்கானிக் தம்பி சொன்னான், "அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட பாகம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க." இந்த ஒரு வரி எந்த வீடியோவுலயும் இல்லை.

ஸ்டீலோட டூ ஸ்ட்ரோக் எடை கம்மி, இழுவை ஜாஸ்தி, ஆனா லிட்டருக்கு 20 மில்லி ஆயில் அளந்து கலக்கணும். ஹோண்டாவோட போர் ஸ்ட்ரோக்குக்குக் கலக்க வேண்டியதில்லை, தனி ஆயில், ஆனா மறக்காம மாத்தணும். வாரக்கடைசி ஆளுங்க மிசினு எதுல சாகுதுன்னா ரெண்டுலயும் ஒரே இடத்துலதான்: கார்பரேட்டர். பெட்ரோலை உள்ளயே விட்டு ரெண்டு மாசம் போட்டா அது வத்திப் பிசின் மாதிரி ஒட்டிக்கும். இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துக்கும். வேலை முடிஞ்சா டேங்கைக் காலி பண்ணி, மிசின் தானா நிக்கற வரைக்கும் ஓட்டி வைக்கணும். அதைச் செஞ்சா ரெண்டு நட்சத்திர மிசினும் பத்து வருசம் வரும்.

தள்ளிட்டுப் போற புல்வெட்டி பத்திக் கேட்டிருந்தார். எங்க மண்ணு பூரா சுக்கான்கல். அந்த மிசின் பிளேடு ஒரு கல்லுல பட்டா சத்தம் அடுத்த ஊருக்குக் கேக்கும். பிரஷ் கட்டர்லயும் இரும்பு பிளேடு போட்டு வெட்டி, கல்லு தெறிச்சு, நிறுத்தியிருந்த காரோட கண்ணாடி போனதை நானே பாத்திருக்கேன். கல்லைப் பொறுக்கி, மேடு தட்டி, செம்மண் கொட்டி, அதுமேல கொரியன் புல்லு பதிச்சாத்தான் அந்த மிசினு ஓடும். அதைத்தான் அவர் செய்யப்போறார். 15 சென்ட்.

இங்கதாங்க எனக்கு வயித்தெரிச்சல்.

அவர் வாங்கினது கொறங்காடு. கோயமுத்தூர்ல இருக்கறவங்களுக்கே அந்த வார்த்தை இப்பத் தெரியறதில்லை. சுத்தியும் முள்கிளுவை வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப்புல்லு. உழவும் இல்லை, தண்ணியும் பாய்ச்சறதில்லை. மழைக்குத் தழைக்கும், மாடும் ஆடும் மேஞ்சே அதை வெட்டி வைக்கும், மேயற மாடே எருவும் போட்டுரும். வெயில் காலத்துல வெள்வேலங்காய் உதிந்தா ஆட்டுக்குத் தீனி. காங்கயம் மாடுங்கற இனமே இந்தப் புல்லுல வளந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தையும் இதுலதான் மேஞ்சது, கண்ணபுரம் சந்தைக்கு வர்ற காளைங்களும் இதுலதான் மேயுது. வண்டி ஓட்டத் தெரியாம, பெட்ரோல் கேக்காம, புல்லு வெட்டற மிசினு தலைமுறை தலைமுறையா இங்க இருந்துச்சு.

அந்தக் காட்டை நான் பதினோரு வருசம் குத்தகைக்கு மேய்ச்சேன். வித்ததுல எனக்கு வருத்தம் இல்லை, வித்தவருக்குப் பொண்ணு கல்யாணம். வாங்கினவர் காசு கொடுத்து வாங்கியிருக்கார், அவர் இஷ்டம். ஆனா கிளுவையைப் பேத்துட்டு ஹாலோபிளாக் சுவர் எழுப்பினார். ரெண்டு வருசமா உள்ள மாடு போகலை. புல்லு இடுப்பளவு வளந்து காஞ்சு நிக்குது, பார்த்தீனியம் ஏறிருச்சு, பாம்பு வருதுன்னு வீட்டம்மா பயப்படறாங்க. போன மாசம் ஆளு வச்சுக் களைக்கொல்லி அடிச்சாங்க. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போர் போடறேன். அந்தப் பக்கம் அதே தீனியை மருந்தடிச்சுக் கொல்றாங்க. கொன்ன இடத்துல கொரியன் புல்லு பதிச்சு, அதை வெட்ட எந்த பிராண்டுன்னு என்னையே கேக்கறாங்க.

அந்தப் புல்லுக்கு வெயில் காலத்துல நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணின்னு வச்சாலும் 15 சென்ட்டுக்கு 3,000 லிட்டர் ஆகும். என் நாலு மாடும் சேந்து 200 லிட்டருக்கு மேல குடிக்காது. போர்வெல்லு ரெண்டு பேருக்கும் ஒரே பூமிக்குள்ளதான் இறங்குது.

அவருக்கு இப்ப இதைத்தான் அனுப்பப்போறேன்:

தம்பி, உழவுக்கு நம்ம பையன் வண்டியைக் கூப்பிடுங்க, நம்பர் நான் தர்றேன். வீட்டு வாசலுக்கும் தடத்துக்கும் ஒரு பிரஷ் கட்டர் போதும். காங்கயத்துல அந்த மெக்கானிக் எதைக் கழட்டி மாட்டறானோ அந்தக் கம்பெனியில வாங்குங்க, நைலான் கயிறு போட்டு வெட்டுங்க, காரைத் தள்ளி நிறுத்துங்க. குழந்தைங்க விளையாட ரெண்டு சென்ட் புல்லு போதும், அருகம்புல்லே பதிச்சுக்கலாம். மிச்ச இடத்துக்கு மருந்தடிக்காதீங்க. மருந்து அடிச்ச பக்கம் இந்த வருசம் நான் மாட்டை விடமாட்டேன், அடிக்காத வடபக்கம் ஒரு ஏக்கர் இருக்கு. ஐப்பசி மழை பேஞ்சு புல்லு தழைஞ்சதும் பின்கேட்டு சாவியை மட்டும் கொடுத்துட்டுப் போங்க. பார்த்தீனியத்தை மாடு திங்காது, அதை நானே பூக்கறதுக்கு முன்னாடி புடுங்கிடறேன். மாடு நாலு இருக்கு, சாணியெல்லாம் உங்களுக்கு. குத்தகை எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க.